கழுத்துப்பட்டை அணிந்த புழு

ஒரு சமுதாயத்தின் உயர்வை அதன் மாளிகைகளைக் கொண்டும் பாலங்களைக் கொண்டும் அளப்பவர்கள் மேலோட்டமானவர்கள். ஆழ்ந்து சிந்திப்பவர்கள் வௌவாலின் சிறுகுடலைக் கொண்டே அளப்பார்கள். இவ்வுண்மையை உலகம் இன்னும் ஏற்கவில்லை. ஆயினும், ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் அமைந்த ஓர் அறையில், அதை ஏற்றுக்கொண்ட ஒருவர் இருந்தார். நிலையத்தார் அவரைப் 'புழு சார்' என்று அழைத்தனர். அப்பெயர் கேலியாகத் தொடங்கி, மரியாதையாக வளர்ந்து, இறுதியில் அவருடைய அறைக்கதவில் பெயர்ப்பலகையாகவே அறையப்பட்டுவிட்டது.

புழு சார் ஒட்டுண்ணிப் புழுக்கள் பிரிவின் தலைவர். அப்பிரிவின் ஒரே ஊழியரும் அவரே. ஆகையால் பிரிவுக் கூட்டங்களில் கருத்து வேறுபாடு எழுந்ததில்லை. வௌவால்களின் உடலில் வாழும் புழுக்களைப் பற்றி அவர் அறியாதது எதுவுமில்லை. அவர் கண்டுபிடித்ததும் எதுவுமில்லை என்பது மட்டுமே குறை. அவர் கண்ட ஒவ்வொரு புழுவையும் அவருக்கு முன்பே யாரோ கண்டு, பெயர் வைத்து, காலமாகியும் போயிருந்தார்கள்.

இந்நிலையில் நிலையத்துக்குப் புதிய இயக்குநர் வந்தார். 'வெளிப்படைத்தன்மை' அவருடைய கொள்கை. ஆகவே கட்டடத்தின் முகப்பு முழுவதற்கும் கண்ணாடி பதித்தார். பின்னர் அவருடைய பார்வை படிக்கட்டுக்கு அடியில் விழுந்தது. அங்கே ஒரு 'புத்தாக்கச் சிந்தனைக்கூடம்' அமைய வேண்டும் என்றார். அதில் மேசை நாற்காலிகள் இரா. வண்ண வண்ண மெத்தைப் பைகள் இருக்கும். அவற்றில் புதைந்து அமர்ந்தால் சிந்தனை தானாக ஊறும் என்பது அண்மைக்கால அறிவு. எனினும் இயக்குநர் இரக்கமற்றவர் அல்லர். ஆண்டு மதிப்பாய்வுக்குள் புழுப்பிரிவு ஒரு புதிய இனத்தைக் கண்டுபிடித்தால் பிரிவு நீடிக்கும், இல்லையேல் மெத்தைப் பைகள் வரும் என்று பெருந்தன்மையோடு அறிவித்தார்.

பிரிவுக்கு உதவியதும் இயக்குநரின் கண்ணாடியே. வௌவால் தன் குரலின் எதிரொலியைக் கேட்டு வழியறியும் உயிரினம். வழவழப்பான கண்ணாடிச் சுவரோ, தன்னை நோக்கி வருபவரின் குரலைச் சரியாகத் திருப்பித் தருவதில்லை. இவ்வகையில் அது இயக்குநரை ஒத்தது. ஒரு காலையில் வௌவாலொன்று அதில் மோதி உயிரிழந்து கிடந்தது. புழு சார் அதை இரு கைகளாலும் ஏந்திச் சென்று, அறுத்துப் பார்த்தார். குடலில் ஒரு தட்டைப்புழு உயிரோடு நெளிந்தது.

இவ்விடத்தில் முறை ஒன்றைக் கூறியாக வேண்டும். உயிருள்ள புழுவை முதலில் வெதுவெதுப்பான உப்புநீரில் இட வேண்டும். அதில் அது உடல் தளர்ந்து, இயல்பான வடிவில் நீளும். அதன் பின்னரே சூடான ஃபார்மலின் ஊற்றிக் கொல்ல வேண்டும். நேரே குளிர்ந்த ஃபார்மலினில் போட்டால் அது மிரண்டு சுருங்கி, தனக்கு இல்லாத மடிப்புகளையெல்லாம் காட்டியவாறு சாகும். இது துறையின் முதற்பாடம். புழு சார் இதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கற்பித்து, தேர்விலும் கேட்டு, தவறாக எழுதியோரை மனம் நொந்து கடிந்துகொள்வார்.

ஆனால் பிரிவில் இருந்தது ஒரே ஒரு மின்னடுப்பு. அன்று புத்தாக்கக் கூட்டம். கூட்டத்துக்கான தேநீர் அவ்வடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது, ஏனெனில் தேநீர்ப் பொறுப்பும் புழுப்பிரிவினுடையதே. புழு சார் புழுவைப் பார்த்தார், தேநீரைப் பார்த்தார். அறிவியல் காத்திருக்கும், இயக்குநர் காத்திருக்கமாட்டார் என்று தெளிந்தார். புழு குளிர்ந்த ஃபார்மலினுக்குள் போயிற்று. தேநீர் சூடாக மேல்மாடிக்குப் போயிற்று.

மறுநாள் நுண்ணோக்கியில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. புழுவின் கழுத்தைச் சுற்றி மூன்று மடிப்புகள் கொண்ட ஒரு பட்டை இருந்தது. எந்த நூலிலும் இல்லாத பட்டை. புழு சாருக்குக் கண் கலங்கிற்று. அன்று பிற்பகலே செய்தி மேல்மாடியை எட்டியது. மெத்தைப் பைகளுக்கான ஆணை 'தற்காலிகமாக' நிறுத்திவைக்கப்பட்டது.

அடுத்து எழுந்தது பெயர்ப் பிரச்சினை. கண்டவர் தன் கண்டுபிடிப்புக்குத் தன் பெயரையே சூட்டிக்கொள்ளலாகாது என்பது இத்துறையின் நாகரிகம். ஆதலால் அறிஞர்கள் ஒருவர் பெயரை மற்றவர் சூட்டுவர். பக்கத்து அறையில் வௌவால் உண்ணிகளை ஆராயும் நண்பர், 'உண்ணி சார்', முன்பொரு முறை ஓர் உண்ணிக்கு இவர் பெயரை வைத்திருந்தார். அதன் பெரிதாக்கிய படம் புழு சார் வீட்டுக் கூடத்தில் சட்டமிட்டுத் தொங்கியது. புதிதாக வருகிறவர்கள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, உங்கள் அப்பாவா என்று தணிந்த குரலில் கேட்பது வழக்கம்.

புழு சார் மனைவியின் பெயரையே தேர்ந்தார். இரவு உணவின்போது அதைச் சொன்னார்.

"புழுவுக்கா?" என்றார் மனைவி. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. இப்ப புழுவைக் கூப்பிடப் போறீங்களாக்கும்."

"உலகம் இருக்கிற வரைக்கும் அந்தப் பேர் நிக்கும்."

"அப்ப உங்க அக்கா பேரை வைங்க. அவங்களும் உள்ள வந்துட்டா லேசுல கிளம்பமாட்டாங்க."

பெயர் முடிவாகாத நிலையில் உண்ணி சார் புழுவைப் பார்க்க வந்தார். நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்தார். மறு கண்ணால் மின்னடுப்பை நோக்கினார். அதன்மேல் தேநீர்ப் பாத்திரம் இருந்தது.

"வெந்நீர்ல விட்டியா?"

புழு சார் பாத்திரத்தைத் துடைக்கத் தொடங்கினார். "கூட்டத்துக்கு டீ வச்சிருந்தேன்."

"அப்ப இது புது இனம் இல்லய்யா," என்றார் உண்ணி சார் மெதுவாக. "பயந்துபோன பழைய இனம். இதுக்கு என் பேரை மட்டும் வச்சுடாத."

கண்ணாடி முகப்பு மீண்டும் கைகொடுத்தது. இரண்டாவது வௌவால் விழுந்தது. அதிலும் அதே புழு. இம்முறை இருவரும் தேநீரைத் துறந்து உப்புநீரை வெதுப்பினர். புழு சோம்பல் முறிப்பதுபோல் நீண்டது. கழுத்துப்பட்டை மடிப்பு மடிப்பாக அவிழ்ந்து மறைந்தது. எஞ்சியது பாடநூலின் முதல் படத்தில் உள்ள, மாணவர் எவரும் தூக்கத்திலும் வரைந்துவிடக்கூடிய, சாதாரணத் தட்டைப்புழு.

அன்றிரவு புழு சார் சாப்பிடவில்லை. மனைவி கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினார். "தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டு வாங்க. ரூம் போனா போகட்டும். அந்த மெத்தைப் பையில நீங்களும் போய் உக்காந்துக்கலாம்," என்றார். புழு சார் மெய் சிலிர்த்தார். உண்மைக்காக அறையையும் இழப்பதென்று உறுதிபூண்டு, சொல்ல வேண்டிய வாக்கியங்களைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். அவை மிகச் சிறந்த வாக்கியங்கள்.

இயக்குநரின் அறை நிலையத்திலேயே மிகக் குளிரானது. வழக்கமாகப் போகிறவர்கள் கம்பளிச் சட்டையோடு போவார்கள். உண்மையின் வெப்பம் போதுமென்று புழு சார் அரைக்கைச் சட்டையில் போனார்.

"வாங்க சார், உங்களப் பத்தித்தான் பேச்சு," என்றார் இயக்குநர். "மேலிடத்துல சொல்லியாச்சு. ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு."

"சார், அந்தக் கழுத்துப்பட்டை விஷயமா..."

"பிரமாதம். அதையே நம்ம நிலையத்தோட சின்னமா வரையச் சொல்லிட்டேன்."

"அது வந்து சார், குளிர்ல போட்டதால..."

"குளிருதா? எனக்கு இப்படி இருந்தாத்தான் மூளை ஓடும்." இயக்குநர் குளிரை இன்னும் சற்றுக் கூட்டினார். "பேர் என்ன வைக்கிறதா இருக்கீங்க? எனக்கு அதுலல்லாம் ஆசை கிடையாது. அப்பா பேரையும் சேர்த்தா நீளமாயிடும். என் பேர் மட்டும் போதும்."

புழு சாரின் தோள்கள் மெல்ல உயர்ந்தன. கழுத்து அவற்றின் நடுவே இறங்கியது. ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் தொண்டைவரை வந்து, அங்கேயே விறைத்து நின்றன. இறுதியில் வெளிப்பட்டவை இரண்டே சொற்கள். "சரிங்க சார்."

நடைக்கூடத்தில் உண்ணி சார் காத்திருந்தார். நண்பரின் சட்டைக் காலருக்கு மேலே தோன்றியிருந்த மடிப்புகளைத் தொழில்முறைக் கண்ணோடு பார்த்தார்.

"உன்னையும் வெந்நீர்ல விட்டுத்தான்யா பாக்கணும்," என்று சொல்லிவிட்டுத் தம் உண்ணிகளிடம் திரும்பினார்.

வீட்டில் வெந்நீர் தயாராக இருந்தது. கணவர் வந்த தோற்றத்தைக் கண்டதும் மனைவி வேறொன்றும் விசாரிக்காமல் குளியலறையைக் காட்டினார். முதல் குவளை முதுகில் விழுந்ததும் தோள்கள் தளர்ந்தன. இரண்டாவதில் கழுத்து வெளிவந்தது. அடுத்ததில் குரலே வந்துவிட்டது. இது புது இனமே அல்ல என்று அவர் முழங்கினார். தவறுக்கு வைத்த பெயர் உங்கள் பெயர் என்று அங்கில்லாத இயக்குநரிடம் கூறினார். அந்த அறையும் வேண்டாம், தேநீர்ப் பொறுப்பும் வேண்டாம் என்று குவளையை ஓங்கித் தரையில் வைத்தார்.

"இதை அங்க சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் மனைவி கதவுக்கு வெளியிலிருந்து.

"நாளைக்குச் சொல்றேன்," என்றது குளியலறை.

அதன் பின்னர் எத்தனையோ நாளைகள் வந்து போயின. கட்டுரை வெளியாயிற்று. இயக்குநரின் பெயர் தாங்கிய புழு, நிலையத்தின் கடிதத்தாள்களிலும் தேநீர்க் கோப்பைகளிலும் கழுத்துப்பட்டையோடு காட்சி தருகிறது. படிக்கட்டுக்கு அடியில் புழுப்பிரிவு நீடிக்கிறது. புழு சார் காலைதோறும் அங்கே தேநீர் கொதிக்கவைத்து, அரைக்கைச் சட்டையில் மேல்மாடிக்குப் போய், கழுத்து மடிந்து திரும்புகிறார். மாலைதோறும் வெந்நீரில் நிமிர்ந்து முழு உண்மையையும் உரக்கக் கூறுகிறார். அண்டை வீட்டார் யாவரும் இப்போது தட்டைப்புழுக்களின் வகைப்பாட்டை நன்கு அறிவர்.

இவரும் அந்தப் புழுவும் ஒரே இனம் என்று உண்ணி சார் கூறித் திரிகிறார். குளிரில் சுருங்கியது இருவருக்கும் பொது என்பது அவர் வாதம். இது பெரும் அநீதி. புழுவின் தரப்பிலும் பேச யாராவது வேண்டும். அந்த முதல் புழுவுக்கு யாரும் ஒரு நாளும் வெந்நீர் வைத்துத் தரவில்லை.