உன் காரின் சத்தத்தை அடக்கிய விவரம்

மாதா துணை

தருவைகுளம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஜாய்சனுக்கு உன் அப்பா வில்பிரட் எழுதும் கடிதம். மாதாவின் தயவால் இங்கே மூவரும் இருக்கிறோம். மூவர் என்றால் நான், உன் அம்மா, நீ விட்டுப்போன கார். மூவரில் யார் சுகம் என்பது கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரிந்துவிடும். என் நம்பரை நீ போனில் பிளாக் செய்து எட்டு மாதம் ஆகிறது. ஆகையால் உன்னைக் கப்பலுக்கு அனுப்பிய மும்பைக் கம்பெனியின் விலாசத்துக்கு இதை எழுதுகிறேன். அந்த ஆபீசில் தமிழ் தெரிந்த யாராவது இதைப் பிரித்துவிட்டால் அவருக்கும் என் வணக்கம். இது குடும்ப விஷயம், தயவுசெய்து மடித்து உள்ளே வைத்துவிடவும்.

எழுதுவது கார் விஷயமாக மட்டுமே, அனுசியா விஷயமாக அல்ல. அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நீ நின்றதும், நம் கிறிஸ்தவ வேதத்துக்கு வெளியே பெண் எடுப்பதானால் இந்த வாசல்படியை மிதிக்காதே என்று நான் சொன்னதும், நீ மிதிக்காமலே தாண்டிப் போய்க் கப்பல் ஏறியதும் ஊர் அறிந்த கதை. அந்தப் பெண்ணின் அப்பா வன்னியபெருமாள் அண்ணாச்சியும் அவர் வீட்டில் இதையேதான் சொன்னாராம். அவரும் நானும் ஒரே கருத்து உடையவர்கள் என்பதால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் கார் நீ சம்பாதித்து வாங்கியது. உன்னைக் கேட்காமல் அதன் உள்ளே சில வேலைகள் செய்திருக்கிறேன். அடுத்தவர் வாயால் உனக்குத் தெரியவருமுன் நானே சொல்லிவிடுவது முறை.

உன் காரின் சத்தம் உனக்குத் தெரியும். இன்ஜின் ஒரு பக்கம் கத்தும், டயர் ஒரு பக்கம் கத்தும், நாலு கதவும் சேர்ந்து தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுவதுபோல் அடித்துக்கொள்ளும். நீ கப்பலின் இன்ஜின் ரூமில் இருப்பவன், உனக்கு இது தாலாட்டாக இருந்திருக்கலாம். சனிக்கிழமை தோறும் நாலு மணிக்கு இந்த வண்டியில்தான் உன் அம்மாவைத் தூத்துக்குடிக்கு, பனிமய மாதா கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன். அவள் என் பக்கத்தில் உட்காருவதில்லை, பின் சீட்டில்தான் உட்காருவாள். உப்பளம் வந்ததும், கடிகாரம் பார்த்ததுபோல் சரியாக நாலேகாலுக்கு, முந்தானையை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்து ஜெபமாலை சொல்லத் தொடங்குவாள். உதடு அசைவது முன் கண்ணாடியில் எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை காதில் விழாது. கோயில் வரும் வரை முக்காடு இறங்காது. சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், சில நாள் சிரித்த மாதிரிகூட இருக்கும். அவ்வளவு உருக்கமான ஜெபம்.

வீட்டில் முப்பது வருடமாக ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் நாங்கள் சேர்ந்துதான் சொன்னோம் என்பது நீ அறிந்ததே. ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முதல் பாதி நான், மறு பாதி அவள். நீ போன அன்று அவள் ஜெபமாலையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "ஒங்களோட சேந்து சொன்னா மாதா கேக்க மாட்டா" என்றாள். அதன் பிறகு சாப்பாடு வேண்டுமா, மாத்திரை போட்டாயிற்றா என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. கோயில் மணி அடித்தால் அவள் குசினிக்குள் போய்விடுவாள், நான் முன்கூடத்தில் தனியாக இரண்டு பாதியையும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வேன். காரிலாவது அவள் முதல் பாதியைச் சொல்ல, நான் மறு பாதியைச் சொல்லிச் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆசைப்பட்டேன். கேட்டால்தானே பதில் சொல்ல? ஒரு சனிக்கிழமை உத்தேசமாக இடம் பார்த்து "தூய மரியே, இறைவனின் தாயே" என்று மறு பாதியைத் தொண்டை கிழியக் கத்தினேன். அவள் திருடனைக் கண்டவள்போல் துள்ளி விழுந்து, "நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள். தப்பான இடத்தில் நுழைந்துவிட்டேன் என்று புரிந்துகொண்டேன். துறைமுகத்தில் அத்தனை வருடம் கிரேன் ஓட்டியதால் என் காதுதான் போயிற்றோ என்று சந்தேகப்பட்டு டாக்டரிடம் காட்டினேன். அவர் எதை எதையோ மாட்டிப் பார்த்துவிட்டு, வாலிபன் காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆக, குற்றவாளி கார்தான் என்று முடிவாயிற்று.

மெக்கானிக் நேசக்குமாரிடம் கேட்டேன். பியூட்டைல் ஷீட் என்று ஒன்று இருக்கிறது, ஒரு பக்கம் பசையுள்ள ரப்பர், மறு பக்கம் வெள்ளித்தாள், அதைக் கதவுத் தகரத்தில் ஒட்டினால் அதிர்வு அடங்கும் என்றான். நல்லதாய் எங்கே கிடைக்கும் என்றதற்கு, டவுனில் வன்னியபெருமாள் அண்ணாச்சி கடையில்தான் என்றான். அந்தக் கடையின் படியை மிதிப்பதைவிடக் காது கேட்காமல் சாவது மேல் என்று தோன்றியது. மலிவாக வேறு ஏதாவது சொல்லு என்றேன். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. மீன் ஏலம் போடும் இடத்தில் உடைந்த தெர்மாகோல் பெட்டிகள் சும்மா கிடக்கின்றன. ஐஸை உருகாமல் காக்கும் பொருள் சத்தத்தையும் உள்ளே விடாது என்று கணக்குப் போட்டேன். சோப்புப் போட்டு மூன்று தண்ணீரில் கழுவி, அறுத்து, நாலு கதவுக்குள்ளும் தரை விரிப்புக்கு அடியிலும் செருகினேன். வண்டி நகர்ந்ததும் தெர்மாகோல் தகரத்தில் உரசி ஒரு கிரீச் சத்தம் போட்டது பார், பழைய சத்தமே தேவலை என்று ஆயிற்று. மூன்றாம் நாள் வெயிலில் கழுவியும் போகாத மீன் வாசனையெல்லாம் வெளியே வந்தது. தருவைகுளத்துப் பூனைகள் அத்தனையும் காரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. ஒன்று போனட்டுக்குள் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது. உன் அம்மா அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் போகிறேன் என்றாள். ஆனால் ஏனோ பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு காரிலேயே ஏறினாள். அவளுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் மிச்சம் இருக்கிறது என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்தது தார் ஷீட். மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் இறங்காமல் ஒட்டுவார்களே, அதுதான். ஹார்டுவேர் கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் சார், பேர்தான் வேறே என்றார். நம்பினேன். தரையிலும் கதவிலும் ஒட்டியது போதாதென்று மேலே கூரைத்துணியைக் கழற்றி அங்கேயும் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, அம்மாவின் பூரிக்கட்டையால் உருட்டி ஒட்டினேன். சத்தம் உண்மையிலேயே குறைந்தது, இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அக்கினி நட்சத்திர வெயிலில் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார், எட்டயபுரம் பக்கம் ஒரு நோயாளிக்கு நற்கருணை கொடுக்க வேண்டும், கொண்டு விடுகிறீர்களா என்று கேட்டார். சாமியார் வெள்ளை அங்கியோடு முன் சீட்டில் ஏறினார். குறுக்குச்சாலை தாண்டியதும் கூரையிலிருந்து தார் சொட்டத் தொடங்கியது. முதல் சொட்டு அவர் தோளில் விழுந்தது. வண்டியை நிறுத்தலாம் என்றேன், நோயாளி காத்திருக்கிறார் ஓட்டுங்கள் என்றார். பிறகு கூரைத்துணி மொத்தமும் அவர் தலையில் இறங்கி ஒட்டிக்கொண்டது. எதிரே வந்த லாரிக்காரன் எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். சாமியாரைச் சீட்டிலிருந்து பிரித்தெடுக்க மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தேவைப்பட்டன. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கே போவதானாலும் டவுன் பஸ்ஸில்தான் போகிறார்.

தாரையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் போன செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்தார், நான் சீட் கவர்களைப் பார்த்தேன். பிறகு அவரே, "வாங்க அண்ணாச்சி, என்ன வேணும்?" என்றார். காரின் வயது, மாடல், சத்தம் எல்லாம் சொன்னேன். யார் கார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் வெளியே வந்து நாலு கதவையும் தர்பூசணி வாங்குபவர்போல் விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். "கதவு முழுக்க ஒட்டணும்னு இல்ல அண்ணாச்சி. தகரம் எங்கன அதிருதோ அங்கன ஒட்டுனாப் போதும். மத்ததெல்லாம் தண்டச் செலவு" என்றார். எந்த ஷீட்டையும் வாங்குமுன் மோந்து பார்க்க வேண்டும், தார் வாசனை அடித்தால் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்றும் சொன்னார். அதை நான் ஒரு சாமியாரைப் பலி கொடுத்துத் தெரிந்துகொண்டிருந்தேன். முழு ரோல் என் பென்ஷனுக்குக் கட்டாது என்பது என் முகத்தில் தெரிந்ததோ என்னவோ, பெரிய கார்களுக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை உள்ளேயிருந்து அள்ளிக்கொண்டு வந்து பாதி விலைக்குக் கொடுத்தார். தேய்ந்துபோன கதவு ரப்பரையும் மாற்றச் சொன்னார். பாதிச் சத்தம் அந்த இடுக்கு வழியாகத்தான் வருகிறதாம்.

ஒட்டுவதையும் அவரே செய்தார். நான் தின்னர் போட்டுத் துடைக்க, அவர் ஒட்டி உருளையால் அழுத்தினார். முன்பக்க இடது கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றியபோது, இரண்டு முறை கழற்றியும் என் கண்ணில் படாத ஒரு தலைக்கிளிப் அடி இடுக்கில் கிடந்தது, பச்சைக் கல் வைத்தது. அண்ணாச்சி அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். நான் ரப்பரைப் பார்த்தேன். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இந்தப் பக்கம் தகரம் ரொம்ப அதிருது" என்று மட்டும் சொன்னார். ஆமாம் என்றேன். பிள்ளைகளைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

இப்போது கதவை மூடினால் தொப்பென்று ஒரு சத்தம், அதோடு சரி. உள்ளே உட்கார்ந்தால் கடிகாரம் ஓடுவது கேட்கிறது. நாளைக்குச் சனிக்கிழமை. உன் அம்மா முதல் பாதியைச் சொல்வது எனக்குக் கேட்கும், சரியான இடத்தில் நான் நுழைவேன். அவள் வேண்டிக்கொள்வது என்ன என்று எனக்குத் தெரியும், வேறென்ன, நீதான். ஒன்று மட்டும் சொல்கிறேன், மகனே. என்மேல் உனக்குள்ள கோபம் நியாயமாகவே இருக்கட்டும். பெற்றவள் என்ன செய்தாள்? எட்டு மாதமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருக்க உனக்கு எப்படி மனம் வருகிறது? என்னைத் தண்டி, அவளோடு பேசு. கடல் மாதா உன்னையும் உன் கப்பலையும் காப்பாளாக. வேளைக்குச் சாப்பிடு, டெக்கில் ஈரம் இருந்தால் கால் பார்த்து வை. உன்னோடு வேலை செய்பவர்களுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வில்பிரட்.

பின்குறிப்பு: ஞாயிறு சாயங்காலம். ஸ்டாம்ப் ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. மேலே நான் எழுதிய புத்திமதி முழுவதையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். நேற்று நாலேகாலுக்கு உப்பளம் வந்தது, உன் அம்மா முக்காடு போட்டாள், நான் மறு பாதியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முக்காட்டுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. பழைய இரைச்சலுக்காகப் போனின் சத்தத்தை அவள் முழுக்க ஏற்றி வைத்திருந்தாள் போலும், நீ பின் சீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. "ஏம்மா, இன்னைக்கு வண்டிச் சத்தத்தையே காணும்? அப்பா வரலியா?" என்று கேட்டாய். அவள், "முன்னாடிதான் இருக்காவ. நீ வையி, பெறவு பேசுதேன்" என்றாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு பயத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எட்டு மாதம் கழித்து உன் குரலைக் கேட்ட சந்தோஷம்தான் முதலில் வந்தது. எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள், நான் மட்டும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அதன் பிறகுதான் உறைத்தது. ஒன்றும் கேட்காதவன்போல் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, காற்று இரைய இரைய ஓட்டினேன். நீ அதற்குள் வைத்துவிட்டாய்.

இன்று பூசை முடிந்ததும் அண்ணாச்சி வீட்டுக்குப் போய், ஒட்டியதையெல்லாம் பிய்க்க வேண்டும் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர், "எங்க வீட்டுல சாயங்காலம் ஆனா எம் மவ போடுற தண்ணி மோட்டார் ஏன் முக்கா மணி நேரம் ஓடுதுன்னு எனக்கு இப்பதான் வெளங்குது" என்றார். பிறகு சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல பியூட்டைல் லேசில் பிரியாது, இரண்டு பேர் கையும் கறுத்துப்போயிற்று. புது ரப்பரையும் கழற்றிவிட்டுப் பழசையே மாட்டினோம். வண்டி முன்போலவே கத்துகிறது. வேலை முடிந்ததும் அவர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லப்போவதில்லை என்று அவர் என்னிடம் சொன்னார்.

நான் கேட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லாதே. அடுத்த சனிக்கிழமையும் நாலேகாலுக்கு வழக்கம்போல் கூப்பிடு. சத்தம் போதாது என்று உனக்குப் பட்டால் எனக்கு ஒரு வரி எழுது, சைலன்சரையும் கழற்றிவிடுகிறேன்.