பறவை உட்கார நட்ட கம்பு

ஒரு காலத்தில் நான் கேப்டனாக இருந்தேன். படகு ஓட்டத் தெரியாது என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு என்னிடம் வேறு குறை எதுவும் இல்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்துவிட்டுப் படகு ஓட்டத் தெரியாமல் வளர்வது அத்தனை சுலபமல்ல. அதற்குத் தனித் திறமை வேண்டும். என் நைனா (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம், ஆந்திரா கூப்பிடு தூரம்) ஏரியில் இறால் பிடிப்பவர். சித்தப்பாவுக்குச் சொந்தப் படகு உண்டு. நானோ சின்ன வயதில் ஒரே ஒருமுறை அதில் ஏறி, கரை சேரும்வரை வாந்தி எடுத்தவள். அதன்பிறகு படகு சம்பந்தமாக நான் தொட்ட ஒரே கயிறு, கரையில் கிடக்கும் படகில் ஆட்டைக் கட்டும் கயிறுதான்.

பொன்னேரியில் கல்லூரி படித்தபோது பழைய புத்தகக் கடையில் ஒரு ஆங்கிலக் கதைப் புத்தகம் கிடைத்தது. விடுமுறைக்கு வந்த குழந்தைகள், பெரியவர்கள் தொல்லை இல்லாமல் பாய்மரப் படகில் ஏரியைச் சுற்றுகிறார்கள். தீவில் கூடாரம், ரொட்டி, ஜாம், ஆளுக்கொரு பதவி. அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தை ஐந்து முறை படித்தேன். அதே மாதிரிக் கதைகளைத் தேடப்போய், அவற்றுக்கென்றே பைத்தியமாக இருக்கும் ஒரு மின்னஞ்சல் குழுவில் சேர்ந்தேன்.

குழுவில் எல்லோரும் நன்றாக வளர்ந்தவர்கள். தண்ணீரைக் குழாயில் மட்டும் பார்த்தவர்கள். பெங்களூரில் இருந்த வசந்தா டீச்சர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, துணிக்கொடியில் விதவிதமாக மாலுமி முடிச்சுப் போட்டுப் படம் அனுப்புவார். கோயம்புத்தூர் வங்கிக்காரர் ரகுராமன் தினமும் மொட்டைமாடியில் ஏறிக் காற்றின் திசையைக் குறித்து அனுப்புவார். வாசலிலேயே ஏரி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். வீட்டில் 'ஒண்ணுத்துக்கும் உதவாது' என்று பேர் வாங்கியிருந்த எனக்கு முதல் மெயிலுக்கே பத்துப் பதில் வந்தது. மூன்றாவது மெயிலில் என்னைக் கேப்டன் ஆக்கிவிட்டார்கள்.

நான் மறுக்கவில்லை. "இன்று வாடைக்காற்று பலம். சமாளித்துவிட்டேன்" என்று எழுதினேன். (சமாளித்தது காயப்போட்ட துணிகளை. அதை எழுதவில்லை.)

இப்படியே ஒரு வருஷம் ஓட்டினேன். பிறகு ஒருநாள் டீச்சரிடமிருந்து அந்த மெயில் வந்தது. "கேப்டன், வரும் ஞாயிறு நானும் ரகுராமனும் வருகிறோம். உங்கள் படகில் ஒரு சுற்றுப் போக வேண்டும். இந்த வயதில் எனக்கு வேறு ஆசை இல்லை."

உண்மையை எழுதியிருக்கலாம். ஆனால் உலகத்திலேயே என்னை மதித்த ஒரே இடம் அந்தக் குழுதான். அதையும் இழந்தால் நான் மறுபடி ஆடு கட்டப் போக வேண்டியதுதான். தவிர, படகு ஓட்டுவது பற்றி அதற்குள் நாலு புத்தகம் படித்திருந்தேன். ஓட்டுவது மட்டும்தான் பாக்கி.

நைனாவிடம், "ஞாயித்துக்கெழம வூட்ல இருப்பியா நைனா?" என்று நைசாகக் கேட்டேன்.

"இல்லமே, வெடிகாலைலயே கெளம்பிடுவேன்" என்றார். மேலும் ஏதோ சொன்னார். அதற்குள் போனில் மெயில் வந்துவிட்டதால் மிச்சத்தை நான் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். டீச்சர் கழுத்தில் விசில், கையில் ஜாம் பாட்டில். ரகுராமன் தலையில் தொப்பி. சித்தப்பா ஆரம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சித்தியிடம் "நைனா எடுத்துக்க சொல்லிச்சு" என்று ஒரு பொய் சொல்லிப் படகைத் தள்ளினோம். பாயை விரித்ததும் காற்று தானாக வந்து பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் நான் உலகத்திலேயே சிறந்த கேப்டன். வாந்திகூட வரவில்லை. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேப்டன், எதிர்ல வரிசையா கம்பு நட்டிருக்கே, அது என்ன?" என்றார் ரகுராமன்.

எனக்குத் தெரியவில்லை. ஏதோ பழைய கழிகள் என்று நினைத்தேன். ஆனால் கேப்டன் 'தெரியாது' என்று சொல்லக் கூடாது. "அதுவா? பறவை உட்கார நட்டது" என்றேன் கம்பீரமாக. ரகுராமன் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

பறவை எதுவும் உட்காரவில்லை. நாங்கள்தான் போய் உட்கார்ந்தோம். கழிகளுக்கு நடுவே கட்டியிருந்த வலையில் சுக்கான் மாட்ட, படகு ஒருபக்கமாகச் சாய, மூன்று பேரும் தண்ணீருக்குள். டீச்சர் விடாமல் விசில் ஊதினார். நான் "காப்பாத்துங்க!" என்று அலறிக் கை கால்களை அடித்தேன்.

பக்கத்தில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, இறாலைப் போட்டுவைக்கப் பல்லில் கடித்திருந்த ஓலைப்பறிக் கூடையைக் கையில் எடுத்தார்.

"எந்திரிச்சு நில்லும்மா. இடுப்பளவு தண்ணிதான்."

நின்றேன். அப்போதுதான் அந்தக் கழிகளின் கடைசியில் இருந்து ஒரு குரல் கேட்டது.

"யார்ரா அது, நம்ம பாட்டுல வந்து பூந்தது?"

எங்கள் ஊரில் ஏரியை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வோம். இன்ன நாள், இன்ன இடம், இன்னாருக்கு என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதுதான் பாடு. ஒருவர் பாட்டில் இன்னொருவர் நுழைவது, அடுத்த வீட்டு அடுக்களையில் புகுந்து சோறு போட்டுத் தின்பது மாதிரி. கெட்டுப்போன பாட்டுக்கு மாற்று நாள் கிடையாது. முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். நைனாவும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் அப்படிக் காத்திருந்து கிடைத்த நாள் அது. எனக்குக் காதில் விழாத மிச்சமும் அதுதான்: "அன்னிக்கு நம்ம பாடு."

கிழிந்த வலை வழியாக இறால் போய்க்கொண்டிருந்தது. நைனா தண்ணீரை உதைத்துக்கொண்டு வந்தார்.

டீச்சர் முந்திக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க ஐயா. எங்க கேப்டன் நல்லாத்தான் ஓட்டினாங்க."

"கேப்டனா? யாரு?"

டீச்சர் என்னைக் காட்டினார். நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுவா? இது படகுல ஏறுனா வாந்தி எடுக்குமே!"

ஒரு வருஷத்து மெயில்கள் அத்தனையும் அந்த ஒரு வரியில் முழுகின. ரகுராமன் நனைந்த நோட்டை மெதுவாக மூடினார். நான் அழ ஆரம்பித்தேன். கேப்டன் பதவி போனதற்காகத்தான் முதலில் அழுதேன். கைக்கு வந்த இறால் போவதைப் பார்த்தபடி நின்ற கூட்டாளிகளின் முகத்தைப் பார்த்ததும் நிஜமாகவே அழுதேன்.

நைனா திட்டவில்லை. திட்ட நேரமில்லை. "நீ அந்தக் கழியப் புடி. விசிலம்மா, நீங்க இந்தக் கயித்த இஸ்த்துக் கட்டுங்க" என்றார். துணிக்கொடியில் பழகிய முடிச்சு ஒன்றைப் போட்டு டீச்சர் வலையை இழுத்துக் கட்டினார். பாதி இறால் மிஞ்சியது. டீச்சர் நிமிர்ந்து நின்று, "கட்டிட்டேன், கேப்டன்!" என்றார். சொன்னது என்னிடம் இல்லை.

அடுத்த நாள் ஊர்க் கூட்டத்தில் விஷயம் வந்தது. வலையை அறுத்தவர் பதில் சொல்லியாக வேண்டும். நைனா எழுந்து, "என் பங்கு இறாலைக் கூட்டாளிங்களுக்குக் குட்த்துட்டேன். வலை எங்களுது, படகு எங்களுது, பொண்ணும் எங்களுது. யாரு யார் மேல பிராது குடுக்கறது?" என்றார். ஊரே சிரித்தது. அந்த வலையை ஒரு வாரம் உட்கார்ந்து தைத்தவள் நான்.

தைத்து முடித்ததும் குழுவுக்கு உண்மையை எழுதினேன். பதில்கள் குவிந்தன. எல்லாமே 'கேப்டன் நைனாவுக்கு' என்று ஆரம்பித்தன. இத்தனை வருஷமாகியும் அப்படித்தான் வருகின்றன. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால் போதும், சித்தி "ஆமா ஆமா, பறவை உக்கார நட்டது" என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அதைச் சொல்லியாயிற்று. (அப்படியும் மாப்பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டார்.)

போன வாரம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஏரிப் படத்தில் வரிசையாகத் தெரியும் கம்புகள் எதற்கு என்று கேட்டிருந்தார். நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவே இல்லை.

"பறவை உக்கார நட்டதுனு போடு" என்றார். "வெவரம் தெரிஞ்ச பொண்ணு சொன்னதுனு சேத்துக்க."