முட்டையண்ணனின் பச்சைச் சட்டைக்காரன்

வாலாஜாபாத் அரிசி மில்லில் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டு, காஞ்சிபுரம் ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தேன். பையில் ஒரு லுங்கி, ஒரு சட்டை. நெஞ்சில் தவிட்டுத் தூசி கொடுத்த இருமல். அந்த நடையில்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சைக்கிளை முந்தினேன். எட்டாவதில் பாதியில் பள்ளியை விட்டதிலிருந்து நான் நடக்காத ரோடு குறைவு. அதனால் அடித்துச் சொல்கிறேன்: நடந்து போகிறவன் முந்தக்கூடிய சைக்கிள் இந்த நாட்டிலேயே அது ஒன்றுதான்.

கேரியரில் ஓட்டுபவரின் தலைக்கு மேலே வரை முட்டை அட்டைகள். ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் தாண்டிப் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னாபா, எங்கனா நெருப்பு புடிச்சிக்கிச்சா? இம்மாம் வேகமா போற?"

"நடந்துதானேண்ணா போறேன்."

"அதத்தான் சொல்றேன்."

அப்புறம் பேசிக்கொண்டே வந்தோம். நான் அவருக்காக நடையைக் குறைத்துக்கொண்டேன். இருபது வருஷமாகப் பண்ணையிலிருந்து முட்டை ஏற்றுவதாகச் சொன்னார். ஒன்றுகூட உடைந்ததில்லையாம். நான் நம்பாமல் பார்த்தேன்.

"சரி, ஒண்ணு ஒடஞ்சிது. அது கோழி மேல தப்பு" என்றார்.

ஊரில் எல்லோருக்கும் அவர் முட்டையண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயரை நான் கேட்கவில்லை. கேட்டவர் எவரையும் பார்க்கவுமில்லை. பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் போட்டி என்று ஒன்று உண்டு. கடைசியாக வருகிறவனுக்குப் பரிசு, காலைத் தரையில் ஊன்றினால் அவுட். அதில் அவரை ஜெயிக்க யாருமில்லை. ஒரு வருஷம் மற்றவர்கள் எல்லைக் கோட்டைத் தாண்டி, மற்றப் போட்டிகளுக்குப் பரிசு கொடுத்து, தலைமை தாங்க வந்தவர் காரேறிப் போய், பந்தலையும் பிரித்துவிட்டார்கள். முட்டையண்ணன் அப்போதும் பாதி வழியில்தான் வந்துகொண்டிருந்தாராம். அவருடைய பரிசுக் குடத்தை மறுநாள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அவர்தான் என்னைக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பரோட்டாக் கடையில் சேர்த்துவிட்டார். தட்டுக் கழுவும் வேலை. படுக்கக் கடையின் பரண். முதலாளியை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். முட்டையண்ணன் சுமக்கும் முட்டையில் பாதி அந்தக் கடைக்குத்தான்.

கடையில் ஒரு டிவி உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பாயின் மகன் அதில் நெட் கனெக்ஷன் கொடுத்திருந்தான். மழையில் கிரிக்கெட் நின்றுபோன ஒரு சாயங்காலம், பரோட்டா மாஸ்டர் ரிமோட்டைத் தட்டிக்கொண்டே போனபோது அது வந்தது: ஏதோ ஒரு தேசத்து மலை. அதில் பாறை, வேர், பள்ளம். அதன்மேல் நூறு பேர் சைக்கிளில் பறக்கிறார்கள். ஓரத்தில் ரசிகர்கள் மாட்டு மணியை ஆட்டுகிறார்கள். ஒருவன் மரம் அறுக்கும் மெஷினை வெறுமனே உறுமவிட்டுக்கொண்டிருந்தான். முட்டை இறக்க வந்த அண்ணன் அட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாத்துக்குடா அவசரம்? பொண்ணு பாக்கவா போறீங்க?" என்றார் டிவியைப் பார்த்து.

வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் முதலில் போனான். மாஸ்டர் உடனே அவன் கட்சி. மேட்டில் சக்கரம் வழுக்கியதும் வெள்ளைச் சட்டை குதித்து, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

"அவுட்டு" என்றார் முட்டையண்ணன்.

"இதுல அதெல்லாம் கெடையாதுண்ணா" என்றார் மாஸ்டர்.

"கால ஊனிட்டான்பா. அவுட்டுன்னா அவுட்டு. ஓட்டத் தெரியாதவன்தான் வேகமா போவான்."

அன்று அவர் கணக்கில் எண்பது பேர் அவுட். ஜெயித்தவன் மூன்று தடவை அவுட். அவனுக்கு மெடல் போட்டபோது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் நடுவில் ஒரு காட்சி வந்தது. எல்லோருக்கும் பின்னால் பச்சைச் சட்டை போட்ட ஒருவன். பாறைக்கு நடுவில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. அவன் இறங்கவில்லை. அசையாமல் சைக்கிள்மேலேயே நின்றான். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம். பிறகு சக்கரத்தைத் தூக்கித் தாண்டினான்.

அண்ணன் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். "நின்னான் பாரு. இவன் ஓட்றவன்."

கொஞ்ச நேரத்தில் ரெஃப்ரி மாதிரி ஒருவர் கையைக் காட்டிப் பச்சைச் சட்டையை ஓரம் கட்டினார். முதலில் போகிறவனைவிட ரொம்பப் பின்தங்கினால் பாதியிலேயே வெளியேற்றிவிடுவார்களாம். அண்ணனுக்கு அது தாங்கவில்லை. "கடசில வர்றவன வூட்டுக்குப் போன்னு சொல்ல இவன் யாருபா? இவன் அப்பன் வூட்டு மலையா?"

அன்றிலிருந்து எந்த ரேஸும் தவறியதில்லை. சாயங்காலம் ஆறரைக்கு முட்டையை இறக்கிவிட்டு, சைக்கிளை வாசலிலேயே நிறுத்திக்கொண்டு, டிவியில் மணியடித்தால் இவரும் பெல்லை அடிப்பார். கேமரா முன்னால் போகிறவனையே காட்டும். "பின்னாடி காட்டுடா" என்று இவர் கத்துவார். பச்சைச் சட்டை அரை நிமிஷம் தெரிந்தால் தெருவே கேட்கும். ஒவ்வொரு தடவையும் அவனை ஓரம் கட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் அன்று ராச்சாப்பாடு வேண்டாம் என்று போவார். இதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. வந்த கூட்டம் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தது. பரோட்டா தின்ன வந்தவன் நிற்க இடமில்லாமல் திரும்பிப் போனான்.

பாய் பொறுத்துக்கொண்டார். முகூர்த்தப் புடவை எடுத்துக்கொண்டு வந்த ஒரு கல்யாண வீட்டார் மேல் சால்னா கொட்டும்வரை பொறுத்தார். மாப்பிள்ளையின் அப்பா கிண்ணத்தைத் தூக்கிய நேரம் பார்த்து முட்டையண்ணன் "விட்றாத, உள்ள எறங்கு" என்று அலறினார். அந்த மனிதர் துள்ளியதில் சால்னா புடவைப் பையில் இறங்கியது. புடவை அட்டைப்பெட்டிக்குள் இருந்ததால் பிழைத்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா கடையில் ஒருவரையும் விடவில்லை. உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருந்த எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

அவர்கள் போனதும் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "யோவ் முட்டை. சும்மா பேஜார் பண்ணிக்கினு இருக்காத. அடுத்த ரேஸ் பாரு, வாணாங்கல. ஆனா வாய் தொறந்தன்னா மறுநாள்லேர்ந்து ஒரு முட்டை எறக்கக் கூடாது. நான் வேன்ல வாங்கிக்கிறேன்."

பாய் சொன்னால் சொன்னதுதான். அன்று அண்ணன் என்னோடு பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்தார். "இந்தக் கட போச்சின்னா எனக்கு பாதி வண்டி காலிபா. அடுத்தது வேற இந்த வருசத்துக் கடசி ரேஸு."

"அப்ப பாக்காதண்ணா."

"அதெப்புடி? அந்தப் பையன் பாவம், நம்பள வுட்டா அவனுக்கு யாரு இருக்கா?"

ரேஸ் நாளன்று அவர் வழி கண்டுபிடித்துவிட்டார். தோலுரித்த அவித்த முட்டை ஒன்றை முழுசாக வாயில் வைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கடிக்கவில்லை, விழுங்கவில்லை. எச்சில் துடைக்கத் தோளில் ஒரு துண்டு. பாய் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

அங்கே மலையில் மழை. முதலில் போனவர்களே சேற்றில் தடுமாறினார்கள். அதனால் பின்னால் வந்தவர்களை ஓரம் கட்டுகிற அளவுக்கு இடைவெளி விழவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பச்சைச் சட்டை இன்னும் இருந்தான். அண்ணனின் கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. வெள்ளைச் சட்டை ஜெயித்தான். மாஸ்டர் கரண்டியால் கல்லைத் தட்டினார். பிறகு, அன்றைக்கு என்ன தோன்றியதோ, கேமரா பின்னால் போனது.

எல்லைக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், சேற்றில் பச்சைச் சட்டை தனியாக நின்றுகொண்டிருந்தான். செயின் அறுந்து தொங்கியது. மெதுவாக இறங்கினான். இரண்டு காலும் தரையில்.

கடை முழுக்க அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் கொத்துவதை நிறுத்தாமல் சொன்னார்: "ண்ணா, உன் ஆளு அவுட்டு."

அண்ணன் எழுந்தார். கல்லாவைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். வாயிலிருந்து முட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பிப் பரோட்டாக் கல்லில் போய் விழுந்தது. மாஸ்டர் கைப்பழக்கத்தில் அதையும் சேர்த்துக் கொத்திவிட்டார்.

"அவுட்டு இல்லடா. எவன்டா சொன்னது அவுட்டுன்னு? தூக்கிக்க கண்ணா. தூக்கிக்கினு நட. ஓட வாணாம், நட போதும்."

அவன் தூக்கிக்கொண்டான். வழுக்கி விழுந்தான், எழுந்தான். அங்கே மணிகள் அடித்தன. எங்கள் கடையில் தட்டு, டம்ளர், ஜக்கு, கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினோம். பாய் கல்லாவிலிருந்து இறங்கி வந்து இடுப்பில் கை வைத்து நின்று, கோட்டைத் தாண்டும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தார். பச்சைச் சட்டை தாண்டினான். பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"நல்லா வந்தான்" என்றார். "நாளைக்கு முட்டை வாணாம்."

அண்ணன் தலையாட்டினார். எனக்கு என்னவோ ஈரக்கையோடு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பரணிலிருந்து பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முன்னால் நடந்து போய், கடை கடையாக ஏறி, முட்டை வேண்டுமா என்று கேட்கிற வேலை. திருப்பருத்திக்குன்றம் பக்கம் வேண்டாம், அங்கே ஜைனர் வீடுகள், முட்டை போகாது என்று சொல்லி கூரம் ரோட்டில் அனுப்பினார். ஆறு கடையில் இல்லை என்றார்கள். ஏழாவது டிபன் கடைக்கார அம்மா இரண்டு அட்டை கேட்டார்.

"எங்கப்பா முட்டை?"

திரும்பிப் பார்த்தேன். ரோட்டின் கோடியில் அட்டைக் கோபுரம் ஒன்று லேசாக ஆடிக்கொண்டே வந்துகொண்டிருந்தது.

"வர்றாரும்மா" என்று சொல்லிவிட்டு, அவர் வரும்வரை ரோட்டோரம் நின்றேன். அன்றைக்கு எனக்குக் கிளம்பிப் போக வேறு எந்த ஊரும் ஞாபகத்துக்கு வரவில்லை.