இத்தாலிக்கு மூன்றாம் ஓலை

பெட்ரோல் விலையை ஒரேயடியாக ஏற்றினார்களே, அந்த வருஷம் கிழக்குத் தாம்பரத்தில் கார் வைத்திருந்தவர்கள் பாதிப் பேர் காருக்குப் போர்வை போர்த்திவிட்டுச் சைக்கிளைத் துடைத்தார்கள். சாலமோன் மட்டும் வாசலில் நின்று, கையிலிருந்த மஞ்சள் துணியை உதறி, தெருவே கேட்கிற மாதிரி சபதம் போட்டார்.

"உலகத்துல இருக்கிற எண்ணெய்க் கிணறு எல்லாம் வத்திப் போகட்டும்! இந்த சாலமோன் இத்தாலியை விக்க மாட்டான்!"

தெரு கேட்டது. கேட்க வேண்டிய ஆளும் கேட்டாள். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. பெண்டாட்டி ரத்தினபாய் சத்தம் போட்டால் சாலமோனுக்குப் பயமில்லை. சத்தம் நின்றால்தான் பயம்.

பைபிளில் வருகிற சாலமோன் ராஜாவுக்கு எழுநூறு பெண்டாட்டி. ரயில்வே குமாஸ்தா சாலமோனுக்கு ஒன்றே ஒன்று. கணக்கு ரெண்டும் சரிதான்.

இத்தாலி என்பது அவர் வைத்திருந்த கார். ஐம்பத்தைந்தாம் வருஷத்து பியட். இத்தாலிக்காரன் மூளையில் உதித்தது. அதனால் எதுவும் ஊரோடு ஒத்துப் போகாது. முன் கதவு ரெண்டும் மற்ற கார்கள் திறக்கிற பக்கம் திறக்காமல் எதிர்ப்பக்கம் திறக்கும். கியர் தரையில் இல்லை. ஸ்டியரிங் தண்டில் கடுக்கன் மாதிரி தொங்கும். உருண்டை மூஞ்சி. இன்ஜின் டிரைவராக இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுகிற வாரம், பல்லாவரத்தில் அதன் பானெட்டில் ஒரு முத்தம் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை சாலமோனிடம் கொடுத்தார். அது ஆச்சு பதினோரு வருஷம். துடைக்கிற வேலை இன்னும் ஓயவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர்வீட்டு டிராயிங் வாத்தியார் சாம்பசிவன் வந்துவிடுவார். அவருக்குக் கார் கிடையாது, காதல் உண்டு. ரெண்டு பேரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள். ஒன்றையும் தொட மாட்டார்கள். தொட்டிலில் தூங்குகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி சும்மா பார்ப்பார்கள்.

"என்ன வளைவு சார்!" என்பார் சாம்பசிவன்.

"இத்தாலியன் வளைவு சார்!" என்பார் சாலமோன்.

வண்டியிடம் ஒரே ஒரு சங்கடம். செல்ஃப் எடுக்காது. அதுவும் வண்டியின் குற்றமில்லை, புது பேட்டரி வாங்காத சாலமோனின் குற்றம். "பேட்டரி வாங்கினா தள்ற பழக்கம் விட்டுப் போயிடும்" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

தள்ளுகிறது ஞாயிறு பள்ளி டீச்சரம்மா ரத்தினபாய். ஞாயிறு காலை கோயில் மணி அடித்ததும் பட்டுப்புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, டிக்கியில் கன்னத்தை வைத்து, புளியமரம் வரைக்கும் தள்ளுவாள். புளியமரத்தில் இன்ஜின் பிடிக்கும். நிறுத்தினால் அணைந்துவிடும் என்று சாலமோன் நிறுத்த மாட்டார். அவள் ஓடிவந்து ஏற வேண்டும். கதவுதான் எதிர்ப்பக்கம் திறக்குமே, அதனால் வண்டியை முந்திக்கொண்டு ஓடி, திரும்பி நின்று, வருகிற காரை எதிர்கொண்டு ஏற வேண்டும். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் உண்டு, ரயிலில் ஏறுகிறவர்கள் உண்டு. இப்படி ஏறினவள் அந்த ஜில்லாவிலேயே ரத்தினபாய் ஒருத்திதான்.

"என்ன முணுமுணுக்கிறே?"

"ஜெபம் பண்றேன்."

"தள்றப்ப முணுமுணுத்தா இத்தாலிக்கு ஆகாது. வாயை மூடிக்கிட்டுத் தள்ளு!"

சபதத்தைக் கேட்ட ரத்தினபாய் ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க."

"விக்க மாட்டேன்."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலியே."

"கேக்கப் போறதுக்குப் பதில்."

"எனக்குக் கட்டினது தாலி. நீங்க கட்டிக்கிட்டு அழறது இத்தாலி. பதினெட்டு வருஷத்துல என் கழுத்துல கிடக்கிறதை ஒரு நாளாவது துடைச்சிருக்கீங்களா? அதுக்கு மட்டும் தினம் ரெண்டு வேளை."

"அது வெயில்ல நிக்குது!"

"நான் என்ன ஐஸ் பெட்டியிலயா நிக்கிறேன்? செல்ஃப் எடுக்காது, ஒண்ணும் எடுக்காது..."

"பழைய உடம்பு, அப்படித்தான் இருக்கும்."

"நான் உங்களைச் சொன்னேன்."

எதிர்வீட்டில் சாம்பசிவன் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். செய்தித்தாள் குலுங்கியது.

ரத்தினபாய் குரலைத் தணித்தாள். "சரிங்க. பொண்ணு மாதிரி வளர்த்துட்டீங்க. பொண்ணை ஆயுசுக்கும் வீட்டுலயே வச்சுக்குவாங்களா? நல்ல இடமா, பொருத்தமா வந்தா கொடுக்கலாம்ல?"

சாலமோன் மண்டையில் ஒரு பல்பு எரிந்தது. அதற்கும் பேட்டரி வீக்குதான், ஆனாலும் எரிந்தது. பொருத்தம்! எந்த ஜென்மத்துக்கும் பொருந்தாத மாதிரி நிபந்தனை போட்டுவிட்டால்?

"கொடுக்கலாம்" என்றார் பெரிய மனுஷத் தோரணையில். "நான் ஏழு நிபந்தனை எழுதுவேன். ஏழும் பொருந்தினவங்க கையில சாவி. கல்யாணத்துக்குக் கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிச்சு, தடை உண்டான்னு கேக்கிறாங்கல்ல, அதே மாதிரி மூணு ஞாயிறு டயம். மூணாம் ஓலை முடிஞ்சும் யாரும் தேறலைன்னா, இந்த வீட்டுல விக்கிற பேச்சே எழக் கூடாது!"

"சரிங்க."

"என்ன சரி?"

"சரின்னா சரி. எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னது கல்யாண நாளில் சொன்னதோடு சேர்த்து இது ரெண்டாம் தடவை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னே ஏழும் தயார். முன் கதவை முதல் தடவையே தடுமாறாமல் திறக்க வேண்டும். வண்டியை 'டப்பா', 'தகரம்' என்று சொல்லாமல், இத்தாலி என்றே கூப்பிட வேண்டும். நாலு கியரும் கரகரப்பில்லாமல் விழ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு இன்ஜினுக்கு என்ன நோவு என்று சொல்ல வேண்டும். ஹாரனைத் தொடாமல் மார்க்கெட்டைத் தாண்ட வேண்டும். ஆறாவதுக்கு சாலமோன் பேனாவில் புது மை போட்டுக்கொண்டார்: 'வண்டி கைமாறினாலும், அதை தினமும் கிளப்பிக் கொடுக்கும் உரிமை பழைய சொந்தக்காரனுக்கே உண்டு.' ஏழாவது, வீட்டுச் சட்டம்: 'தள்ளுகிறவர் முணுமுணுக்கக் கூடாது.'

சாட்சிக் கையெழுத்து சாம்பசிவன். காகிதத்தை ரத்தினபாய் மடித்து பைபிளுக்குள் வைத்தாள்.

முதலாம் ஓலைக்கு வந்தவர் குரோம்பேட்டை பத்ரிநாராயணன். பாங்கில் வேலை. கதவின் இந்த ஓரத்தை இழுத்தார், வரவில்லை. அந்த ஓரத்தை இழுத்தார், மூக்கில் இடித்துக்கொண்டார். முதல் நிபந்தனையிலேயே அவுட். சாலமோன் அவருக்குக் காப்பி கொடுத்து, மூக்குக்கு ஈரத்துணியும் கொடுத்து அனுப்பினார்.

ரெண்டாம் ஓலைக்குக் கீழ்க்கட்டளையிலிருந்து எட்மண்ட் என்ற கம்பவுண்டர். கதவை ஒழுங்காகத் திறந்தார். கியரும் பூப்போல விழுந்தது. சாலமோனுக்கு வேர்த்துவிட்டது. இறங்கும்போது எட்மண்ட் சந்தோஷத்தில் கூரையைத் தட்டி, "டப்பா நல்லாத்தான் இருக்கு சார்!" என்றார்.

"டப்பாவா!" சாலமோன் துள்ளினார். "வெளியே போங்க!"

"வெளியதான் சார் நிக்கிறேன்."

"இன்னும் வெளியே!"

இடையில் ஒரு சின்ன விஷயம். அந்த வருஷத் தொடக்கத்திலிருந்தே புதன்கிழமை தோறும், சாலமோன் ஆபீஸ் ரயிலைப் பிடித்த பிறகு, மெக்கானிக் முனிரத்தினம் வந்து வண்டியை 'சர்வீசுக்கு' எடுத்துப் போய்க்கொண்டிருந்தான். ஏற்பாடு ரத்தினபாயுடையது. 'வாயிலதான் திட்டுறா, மனசுல பாசம்' என்று சாலமோனுக்கு உள்ளம் குளிர்ந்திருந்தது. ஒரு நாள் மட்டும் சீட்டுக்கு அடியில் ஒரு ஹேர்பின் கிடைத்தது.

"இது என்னடா முனிரத்தினம்?"

"அதுவா? கார்பரேட்டர் அடைப்பு குத்தறதுக்கு சார். கம்பியெல்லாம் இப்ப எங்க சார் கெடைக்குது?"

"டயர்ல ஏரி மண்ணு இருக்கு?"

"பீர்க்கன்கரணை ஏரிக்கரை மேல வுட்டுப் பாத்தாத்தான் சார் பிரேக்கு இன்னா சொல்லுதுன்னு தெரியும்."

தொழில் பக்தி என்று சாலமோன் மெச்சிக்கொண்டார்.

மூன்றாம் ஞாயிறு. மத்தியானம் வரை யாரும் வரவில்லை. மூன்று மணி ஆச்சு. நாலு ஆச்சு. சாலமோன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சாம்பசிவனும் வந்துவிட்டார்.

"ஜெயிச்சுட்டோம் சார்!"

"இத்தாலி நம்ம வீட்டுப் பொண்ணு சார்! யாரு வந்து தூக்கிட்டுப் போயிட முடியும்?"

அப்போது ரத்தினபாய் வெளியே வந்தாள். கோயிலுக்குக் கட்டுகிற பட்டு. கையில் தோல்பை. காலில் செருப்பு.

"எங்கே கிளம்பிட்டே?"

"வண்டி பார்க்க வந்திருக்கேங்க."

"யாரு?"

"நான்தான். மூணாம் ஓலை."

சாலமோன் சிரித்தார். ஒரு நிமிஷம்தான் சிரித்தார். அதற்குள் அவள் கதவின் சரியான ஓரத்தைப் பிடித்து, பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டே திறந்த கையால், நின்றுகொண்டு திறக்கிற சுகத்தில் ஒரே இழுப்பில் திறந்து, ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தாள்.

"உனக்கு ஓட்டத் தெரியாது!"

பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். அதில் இருந்த தேதி சபதத்துக்கு நாலு மாசம் முந்தினது. சாலமோனுக்கு ஹேர்பின் நினைவுக்கு வந்தது. ஏரி மண் நினைவுக்கு வந்தது.

"இத்தாலியைக் கிளப்பிக் கொடுங்க" என்றாள். "ஆறாவது. உங்க உரிமை."

"உரிமைன்னு எழுதினது..." என்று இழுத்தார்.

"உங்க கையெழுத்துதானே?"

சாலமோனும் சாம்பசிவனும் தள்ளினார்கள். புளியமரத்தில் இன்ஜின் பிடித்தது. அவள் நிறுத்தவில்லை. ரெண்டு ஆண்பிள்ளைகளும் வண்டியை முந்தி ஓடி, திரும்பி நின்று, எதிர்கொண்டு ஏறினார்கள். முன்னால் ஏறிய சாலமோனுக்கு ஒரு செருப்பு தெருவோடு போயிற்று.

நாலு கியரும் வெண்ணெயில் கத்தி.

"கண்ணை மூடிச் சத்தம் கேக்கணும்ல? ஓட்டுறப்ப மூட வேண்டாம், இப்படியே சொல்றேன். டக்டக்குன்னு அடிக்குது, டேப்பெட் லூசா இருக்கு."

"எப்படிச் சொல்றே?" என்றார் சாலமோன்.

"டிக்கியில கன்னம் வச்சுத் தள்ளினவளுக்குத் தெரியாதா இதுக்கு எங்க வலிக்குதுன்னு?"

மிச்சம் மார்க்கெட். ஞாயிறு சாயங்காலத்து தாம்பரம் மார்க்கெட்டில் ஹாரன் அடித்தாலும் நகர முடியாது. சாலமோனுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடை, மாடு, சைக்கிள் ரிக்ஷா, தர்பூசணி மலை. ரத்தினபாய் ஹாரன் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"அண்ணா, கொஞ்சம் கூடையை ஒதுக்குங்க. பச்சையம்மா அக்கா, மாட்டைப் பிடிங்க. நான்தான் வர்றேன்!"

"ஐயோ, டீச்சரம்மா வண்டி ஓட்டிகினு வராங்கடி!" என்று ஒரு குரல். மார்க்கெட் ரெண்டாகப் பிளந்தது. செங்கடல் பிளந்த மாதிரி நடுவில் இத்தாலி போயிற்று. ஓரத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு ரத்தினபாய் சாம்பசிவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாட்சிக்காரரே, இந்தப் பொருத்தத்துக்கு யாதொரு தடை உண்டுன்னு அறிஞ்சா இப்பவே சொல்லணும்."

சாம்பசிவன் சாலமோனைப் பார்த்தார். வண்டியின் வளைவைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு இல்லைம்மா" என்றார். துரோகி.

அடுத்த ஞாயிறு கோயில் மணி அடித்தது. ரத்தினபாய் ஸ்டியரிங்கில். சாலமோன் வெள்ளைப் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்து டிக்கியில் கை வைத்தார். தெருவில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர் விடவில்லை. நிமிர்ந்து நின்று சத்தமாகவே சொன்னார்:

"எல்லாரும் பாத்துக்குங்க! சொன்ன சொல் மாறல! சாலமோன் இத்தாலியை விக்கல!"

சொல்லிவிட்டுத் தள்ளினார். புளியமரத்துக்கிட்ட வரும்போது நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. எதிரே சைக்கிளில் வந்த முனிரத்தினம் காலை ஊன்றி நின்றான்.

"இன்னா சார், தள்ளிகினு கீறீங்க? போன வியாழக்கிழமையே புது பேட்டரி போட்டுக் குட்த்தேனே! செல்ஃப் தொட்டா புட்சிக்குமே, அக்கா சொல்லல?"

சாலமோன் வாயைத் திறந்தார்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க... ஏழாவது!"