பறக்கும் கார் இறங்கக் கரும்பு வெட்டியது பற்றி

தவுவா,
ஆகஸ்டு 1988

சிட்னி மாநகரில் வாழும் அன்பு மைத்துனர் நாகையாவுக்கு, தவுவாவிலிருந்து உம்முடைய அக்காள் கணவன் பாலசுப்பிரமணி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் பசுவும் சுகம். உம்முடைய சுகத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. கவலைகள் அனைத்தையும் எங்கள் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுத்தான் நீர் விமானம் ஏறினீர். என் மகன் விநீல், மருமகள் ஷலேஷ்னி, பேத்தி ஷல்வினா மூவரையும் உம்முடைய வீட்டில் வைத்துச் சோறு போடுவதற்கு நன்றி சொல்கிறேன். நன்றி இத்துடன் முடிந்தது.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றுதான். பறக்கும் கார் என்று எதுவும் வரப்போவதில்லை என்று நீர் உம்முடைய கைப்பட எழுதி, உம்முடைய அக்காள் ஜான்கிக்கு அனுப்ப வேண்டும். இந்தியில் எழுதும். அப்போதுதான் அவளே எழுத்துக்கூட்டிப் படிப்பாள். தமிழில் எழுதினால் நான் வாசித்துக் காட்ட வேண்டும். பாதியை நானே சேர்த்து வாசிக்கிறேன் என்று சொல்லிவிடுவாள்.

நீர் மறந்திருக்கலாம், ஆகையால் நினைவூட்டுகிறேன். போன வருடம் இங்கே தீவில் பட்டாளத்தின் இரண்டாவது புரட்சியும் முடிந்து, அடுத்தது எப்போது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த சமயம். நந்தி விமான நிலையத்துக்குப் போக டாக்ஸி வாசலில் நின்றது. உம்முடைய அக்காள் பெரிய பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பிள்ளை போகக் கூடாது என்றாள். விநீல் கெஞ்சினான், மருமகள் அழுதாள், டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். அப்போதுதான் நீர் ஒரு பத்திரிகையைப் பிரித்துக்கொண்டு அவள் எதிரே குந்தினீர்.

"அக்கா, இத பாரு. கார்தான், ஆனா ரெக்கை இருக்கு. இன்னும் பத்து வருஷத்துலே அங்கே வீட்டுக்கு வீடு இதுதான் நிக்கும்."

"பத்து வருஷமா?"

"அரே, ஜாஸ்தி சொல்லிட்டேன். அஞ்சு."

"அதுக்குள்ளே ஷல்வினா பள்ளிக்கூடம் போயிடுவாளே."

"மூணு! அவ்ளோதான், மூணே வருஷம். வெள்ளிக்கிழமை வேலை விட்டு ஏறுனான்னா, சனிக்கிழமை காலைலே உன் கையாலே ரொட்டி தின்பான்."

"எங்கே இறங்கும்?"

"வெட்டவெளியா கொஞ்சம் இடம் இருந்தா போதும்கா."

அவள் எழுந்துவிட்டாள். பெட்டி டாக்ஸியில் ஏறியது, பிள்ளைகள் ஏறினார்கள், நீரும் ஏறினீர். ஏழு வருடங்களை ஒரே மூச்சில் தள்ளுபடி செய்தவர், ஒரு கரும்பு விவசாயியின் வாசலில் நின்றுகொண்டு 'கொஞ்சம் இடம்' என்று பேசுகிறோமே என்று யோசித்திருக்க வேண்டும்.

அந்தப் பத்திரிகையை நானும் பார்த்தேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பள்ளிக்கு வந்த பத்திரிகை ஒன்றிலும் இதே கார் இதே மேகத்தில் பறந்துகொண்டிருந்தது. அன்று ஓட்டுகிறவர் தொப்பி அணிந்திருந்தார், இன்று கறுப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறார். விஞ்ஞானம் அந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது. படத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் எல்லோரும் சிரிக்கிறார்கள், மூட்டை முடிச்சு ஒன்றும் இல்லை. டாலோ கிழங்கு மூட்டையும் மாங்காய் ஊறுகாயும் சுருட்டிய பாயும் இல்லாமல் நம்மவர் எவராவது எந்த வண்டியிலாவது ஏறி நீர் பார்த்ததுண்டா? இவற்றை ஏற்றிய பிறகு அந்த வண்டி பறக்காது, பஸ்ஸைப் போல ஊர்ந்துதான் வரும்.

இதையெல்லாம் நீங்களே அவளிடம் சொல்லக் கூடாதா என்று கேட்பீர். சொன்னேன். என் வாக்குக்கு வீட்டில் மதிப்பு போய்விட்டது என்பது உமக்கே தெரியும். போன வருடம் மே மாதத்தில் ஒரு நாள் காலை, நாட்டில் ஒன்றும் நடக்காது, பாராளுமன்றத்துக்குள் பட்டாளம் நுழையலாம் என்று அரசியல் சட்டத்தில் எங்குமே இல்லை, நான் முழுவதும் படித்திருக்கிறேன் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். டீ ஆறுவதற்குள் ரேடியோ சொல்லிவிட்டது. அன்றிலிருந்து நான் மழை வராது என்றால் அவள் துணியை உள்ளே எடுத்துவிடுகிறாள். பறக்கும் கார் வராது என்று நான் சொன்னதும், அப்படியானால் நிச்சயம் வரும் என்று அவளுக்கு உறுதிப்பட்டுவிட்டது.

இனி நடந்ததைக் கேளும். போன மாதம் கரும்பு வெட்டு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் யார் கரும்பு முதலில், யாருடையது பின்னால் என்பதெல்லாம் வெட்டும் கூட்டத்தின் முறைப்படிதான் என்பதை நீர் சிட்னிக்குப் போன அவசரத்தில் மறந்திருக்க மாட்டீர். மனைவியின் முறைப்புக்கும் முன்பாக மதிக்க வேண்டிய முறை அது. எங்கள் முறை வர இன்னும் நாள் இருந்தது. நான் தவுவா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், பக்கத்து வயலில் வெட்டிக்கொண்டிருந்தவர்களை உம்முடைய அக்காள் கோழிக்கறியும் ரொட்டியும் காட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். வயலின் நட்டநடுவில் முளை அடித்து, கயிறு கட்டிச் சுற்றி, கோலம் போட்ட கையல்லவா, பிசகில்லாத ஒரு வட்டம் போட்டு, நாலு லாரி சேர்ந்து திரும்பும் அளவுக்குக் கரும்பை வெட்டச் சொல்லிவிட்டாள். நான் திரும்பி வரும்போது வெட்டும் கூட்டத்துக்குத் தலைவரான சர்தார் சிவன் வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"மாஸ்டர், முறைக்காரன் ஜிதேந்திரா கரும்பு நிக்குது, உங்களுது விழுந்து கெடக்குது. கூட்டத்துலே எனக்கு என்னா மரியாத இருக்கும்?"

"சிவன், நான் வெட்டச் சொல்லவில்லை."

"அக்கா சொன்னாங்க. அச்சா, வெட்டுனாங்க. ஓரமா வெட்டியிருந்தாலாவது பரவால்லே. நடுவிலே வெட்டுனதை வெளியே எப்பிடி கொண்டாறது? பாதை எங்கே?"

உள்ளேயிருந்து உம்முடைய அக்காள் குரல் வந்தது: "பறந்து வர்ற வண்டிக்குப் பாதை எதுக்கு சிவன்?"

ஓரத்தில் வெட்டியிருக்கலாமே என்று நானும் கேட்டேன். ஓரத்தில் ரோட்டுத் தூசி குழந்தையின் மேல் படுமாம். வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்தால் சர்க்கரை போய்விடும் என்பதால், நிற்கிற கரும்பை வெட்டி வட்டத்துக்கு ஒரு பாதை போட்டோம். அதற்கும் முறை கிடையாது, அதற்கும் இரண்டு கோழி அடிக்க வேண்டியதாயிற்று. வீட்டில் இப்போது முட்டைக்குப் பஞ்சம். கரும்பு வெளியேறியதும் அவள் உள்ளே போய் வட்டத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தாள், மேலேயிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியுமாம்.

மேலேயிருந்து யார் பார்த்தார்களோ தெரியாது, குன்றின் மேலேயிருந்து எப்பெலி பார்த்துவிட்டார். நிலம் அவருடைய குலத்தாருடையது, எங்களுக்குக் குத்தகைதான் என்பதால், புதிதாக எது செய்தாலும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன் வைத்து அனுமதி கேட்பது மரியாதை. கேட்காமல் நடந்துவிட்டது. நான் அவசரமாக ஒரு வேர்க்கட்டை வாங்கி, உம்முடைய அக்காளையும் கூட்டிக்கொண்டு போய், அவர் முன் வைத்துக் கைகூப்பினேன். அவர் வழக்கப்படி கைதட்டி ஏற்றுக்கொண்டார். வேரை இடித்துக் கரைத்துச் சிரட்டையில் ஊற்றிக் குடித்தோம். எப்பெலிக்கு என்னைவிட நல்ல இந்தி வரும்.

"மாஸ்டர், பூமிக்குக் குத்தகை எழுதியிருக்கோம். மேலே இருக்கறதுக்கு யாரு எழுதினா?"

"எவ்வளவு உயரம் வரைக்கும் உங்களுடையது, எப்பெலி?" என்று கேட்டேன். இதைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் ஒன்றும் இல்லை.

அவர் நிமிர்ந்து பார்த்து, நிதானமாக யோசித்தார். "பருந்து பறக்கிற வரைக்கும் எங்க குலத்துது. அதுக்கு மேலே கடவுளுது. அவரோட நான் ஞாயித்துக்கிழமை பேசிக்கிறேன்."

குத்தகைக் காலம் முடியப்போகும் காலத்தில் இன்னொரு குத்தகையா என்று நான் மனக்கணக்குப் போட ஆரம்பித்தேன். ஆனால் எப்பெலி சிரட்டையை வைத்துவிட்டு உம்முடைய அக்காள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, இந்தியில் சகோதரி முறை சொல்லிக் கேட்டார்: "பெகன், அந்த வண்டி லெபனான்லேருந்து வருமா?" அவருடைய மகன் அங்கே அமைதிப் படையில் இருக்கிறான்.

"சிட்னிலேருந்து வர்றது லெபனான்லேருந்து வராதா? ஏறி உக்காந்தா வந்துடும்," என்றாள் உம்முடைய அக்காள்.

அனுமதி அந்த இடத்திலேயே கிடைத்தது. மகனுடைய வண்டியும் இங்கேயே இறங்கலாம் என்ற ஒரு நிபந்தனை மட்டும்தான்.

பிறகு பட்டாளம் வந்தது. வட்டுகோலா போகும் ரோட்டில் நிற்கிற காவலிலிருந்து ஒரு கார்ப்பரலும் இரண்டு சிப்பாய்களும் வட்டத்துக்குள் போய்ச் சுண்ணாம்பைக் காலால் தேய்த்துப் பார்த்தார்கள். எந்த நாட்டு ஹெலிகாப்டர் இறங்கப்போகிறது, அதில் என்ன வருகிறது என்று கார்ப்பரல் கேட்டார். சந்தேகத்துக்கு ஆளைப் பிடித்துப் போகிற காலம் இது. உம்முடைய அக்காள்தான் பதில் சொன்னாள்.

"ஹெலிகாப்டர் இல்லே, என் பிள்ளையோட கார். அதுலே பேத்தி வரும், மருமக வருவா, அழுக்குத் துணி வரும். வேறே என்னா வரும்?"

கார்ப்பரல் சின்ன வயதுக்காரர். டீயையும் ரொட்டியையும் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் முகம் சுருங்கி, "ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடக் கூடாதென்று சட்டம் இருக்கிறதே?" என்றார். ஆமாம், அது ரோட்டுக்குத்தானே, ஆகாயத்துக்கும் பொருந்துமா என்று நான் கேட்டுத் தொலைத்தேன். வாத்தியார் புத்தி. அவர் தலைநகர் சுவாவில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். இரண்டு நாள் கழித்து வந்து, மேலிடம் இன்னும் முடிவு செய்யவில்லை, முடிவு வருகிறவரை எந்தப் பறக்கும் காரும் ஞாயிற்றுக்கிழமை தவுவாவில் இறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது என்று அறிவித்தார். நான் அவமானப்பட்டு நின்றேன். உம்முடைய அக்காளுக்கோ முகமெல்லாம் வெளிச்சம்.

"கேட்டீங்களா? சனிக்கிழமை வந்தா திங்கக்கிழமை வரைக்கும் போகக் கூடாதாம். கவர்மெண்டே சொல்லிடிச்சு!"

இத்துடன் நின்றிருந்தாலும் நான் பொறுத்திருப்பேன். எதிர்வீட்டு ரோஸ் சர்ச்சிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய மகள் டானியா ஆக்லாந்துக்குப் போய்விட்டது உமக்குத் தெரியும். "ஜான்கி அக்கா, விநீல் வர்ற வழியிலே ஆக்லாந்துலே ஒரு நிமிஷம் நிறுத்தி டானியாவ ஏத்திக்குவானா? வழிதானே?" வழியில்லை ரோஸ், வரைபடத்தைப் பார் என்று நான் வரைபடத்தை எடுத்து வந்தேன். அவர்கள் இருவரும் அதன்மேல் பீன்ஸைக் கொட்டி நறுக்கிக்கொண்டே, டானியா முன் சீட்டிலா பின் சீட்டிலா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது தெருவில் மூன்று வீடுகளில் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார்கள், திரும்பிப் போகும் வண்டியில் கொடுத்தனுப்ப.

மைத்துனரே, எனக்குக் கரும்பு போனதில் வருத்தம் இல்லை. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவள் அந்த வட்டத்துக்குப் போய், விழுந்த சருகைப் பெருக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று மேற்கே பார்க்கிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று வருடம் அப்படி நின்று, நாலாம் வருடம் ஒன்றும் வரவில்லை என்றால் என்ன ஆவாள்? நீர் சொன்ன பொய்யை நீரே வந்து பெருக்கி எடுத்துப் போக வேண்டும். வர முடியாவிட்டால் தபாலிலாவது. கையெழுத்து தெளிவாக இருக்கட்டும்.

உமக்கும் உம்முடைய குடும்பத்துக்கும் முருகன் துணை இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் அவருக்கு விசா கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். குழந்தைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். ஷல்வினாவைத் தினமும் தமிழில் ஒரு வார்த்தையாவது திட்டச் சொல்லும், மறக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உம்மேல் கோபம் குறையாத அத்தான்,
பாலசுப்பிரமணி

பின்குறிப்பு: எங்கள் வீட்டிலிருந்து போகிற எந்தக் கடிதமும் உறை ஒட்டுமுன் உரக்க வாசிக்கப்பட வேண்டும் என்ற வழக்கத்தை எழுதும்போது மறந்துவிட்டேன். வாசித்தேன். உம்முடைய அக்காள் கடைசிவரை கேட்டாள். கோழிகளின் கணக்கு தப்பு என்று மட்டும் இடையில் திருத்தினாள். பிறகு சொன்னாள்:

"அந்தப் படத்தப் பாத்தப்பவே எனக்குத் தெரியும், அது வராதுன்னு. கடல் தாண்டறதுக்கு எத்தினி பெட்ரோல் வேணும், எங்கே ஊத்துவாங்க? நான் என்ன பைத்தியமா? பிள்ளய எத்தினி நேரம் பிடிச்சு வெக்கறது? விட்டுடறதுக்கு எனக்கு ஒரு சாக்கு வேணும். நாகையா கொடுத்தான். நல்ல பிள்ளை."

"அப்படியானால் கரும்பை ஏன் வெட்டினாய்?"

"ஊர்லே எந்த வீட்டுக்குப் போனாலும் யாரு போறாங்க, யாரு போறாங்கன்னே பேச்சு. ஒரு வீட்டிலேயாவது யாரோ வர்றாங்கன்னு வேலை நடக்கட்டுமே. ரோஸ் சிரிச்சு எத்தினி நாளாச்சு தெரியுமா?"

நான் வீட்டிலுள்ள புத்தகங்களை ஒரு முறை மனத்துக்குள் புரட்டினேன். மூடி வைத்தேன். அவளோடு உட்கார்ந்து கொஞ்சம் பீன்ஸ் நறுக்கினேன்.

ஆகவே மேலே கண்ட கடிதத்தைக் கிழித்துவிடும். உண்மை எதையும் எழுத வேண்டாம், இந்தியில் நிச்சயம் வேண்டாம், எப்பெலி வாசித்துவிடுவார். வண்டி தயாராகிக்கொண்டிருக்கிறது என்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டும்படி ஒரு கடிதம் எழுதும், என்ன நிறம் என்பதையும் எழுதும். ரோஸ் நீலம் கேட்கிறாள். நீலம் வேண்டாம். ஆகாயத்தோடு கலந்துவிடும், வருவது எங்களுக்குத் தெரியாது.