ஒரு கை வைத்த ஸ்வெட்டர்

என் வீட்டுக்காரர் றேமண்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிய கையோடு சட்டம் போட்டார்.

"இமெல்டா, நல்லாக் கேள். தொடங்கினது எல்லாத்தையும் முடிக்கும் வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள ஒரு நூல் பந்து வரப்படாது."

காரணம் சின்னது. சப்பாத்தை வைக்க அலுமாரியைத் திறந்தபோது, மேல்தட்டிலிருந்த என் பின்னல் பை அவர் தலையில் விழுந்துவிட்டது. கம்பளி நூல்தான், காயம் இல்லை. ஆனால் அது துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேனுக்குக் கீழே நின்று ஒன்றும் விழாத தலை. வீட்டில் விழுந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

பையைக் கட்டிலில் கொட்டினார். ஒரு காலுறை. பாதி மேசை விரிப்பு. உச்சி இல்லாத தொப்பி. ஒரு கை மட்டும் வைத்த ஸ்வெட்டர்.

"இது வீடா, ஆஸ்பத்திரியா? ஒண்டுக்கும் கைகால் முழுசா இல்ல. மற்றக் காலுறை எங்க?"

"மற்றது பின்னேல்ல. உங்கட அம்மாட கால் வீக்கத்துக்குத் தொடங்கினது. ஒரு கால் முடியவே வீக்கம் வத்திட்டுது."

"மேசை விரிப்பு?"

"பக்கத்து வீட்டுக் கொன்ஸ்ரன்ஸிட மகளுக்கு மாப்பிள்ளை. பாதியில பொருந்திட்டுது."

"ஸ்வெட்டர்?"

"எங்கட மெல்ரோயிட கனடா விசா. ஒரு கை வைக்கவே வந்துட்டுது."

"அவன் அங்க குளிர்ல மற்றக் கையை என்ன செய்வான் எண்டு யோசிச்சியா?"

"மகன் அங்க கடையில ஒண்டு வாங்கிட்டானாம்."

என் வழக்கம் அப்படி. ஒரு தேவை வந்தால்தான் ஊசியை எடுப்பேன். ஒரு கண்ணிக்கு ஒரு 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லுவேன். கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடுவேன். மாதா தந்த பிறகும் பிடித்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது மரியாதை இல்லையே.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே கட்டிலில் நான் அன்றுதான் பார்த்தேன். மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாளும் என் சோம்பல் என்று நினைத்து ஒளித்து வைத்திருந்தேன். பார்த்தால், ஒவ்வொன்றும் நான் கேட்டு முடிக்கும் முன்னமே மாதா "சரி பிள்ளை, போதும்" என்று சொன்ன இடம். கட்டில் ஓரத்தில் முழங்காலில் நிற்கவேண்டும் போல் இருந்தது.

றேமண்ட் விடவில்லை.

"அப்ப மாதா முழுசாத் தந்தவ. நீ பாதிதான் குடுத்திருக்கிற. நியாயமா?"

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. மனிதர் சொன்னது சரிதானே.

"முடிக்கிறன்" என்றேன்.

வெற்றியில் ஒரு பிளேன்ரீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த நாள் காலையே ஸ்வெட்டரை மடியில் வைத்தேன். கை ஓடவில்லை. எதற்கென்று கேட்காமல் சும்மா பின்ன எனக்குத் தெரியாது. அப்போதுதான் பேத்தியின் ஞாபகம் வந்தது. எங்கள் மகள் சுரேகாவின் பிள்ளைக்கு அடுத்த மாதம் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். "தாத்தாவும் என்னோட நன்மை எடுப்பார்தானே, அம்மம்மா?" என்று கேட்டிருந்தாள். நான் என்ன சொல்ல? பாவங்களைக் குருவானவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை எடுக்க முடியாது. எங்கள் கலியாணத்துக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. எல்லாரும் அதற்குப் போகும் தபசுகாலம் வந்தால் அவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பும் வந்துவிடும்.

ஊசி தன்பாட்டில் ஓடத் தொடங்கியது.

"யாருக்கு?" என்றார் றேமண்ட், பேப்பருக்கு மேலால்.

"உங்களுக்குத்தான்."

"எனக்கு ஸ்வெட்டரா? இந்தக் கொட்டாஞ்சேனை வெயிலிலயா?"

"உடுப்பு இல்லங்க. நீங்க பாவசங்கீர்த்தனத்துக்குப் போகோணும் எண்டு."

பேப்பர் கீழே வந்தது. முகம் வெளுத்திருந்தது.

"வேற எதுக்காவது பின்னு."

"எதுக்கு?"

"உலக சமாதானத்துக்கு."

"அதுக்கு ஒரு கை காணாதுங்க."

அன்றிலிருந்து அவர் பேப்பர் படிக்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியை அரிசி வாளிக்குள் ஒளித்தார். சோறு சமைக்கிறது யார்? அரிசி அள்ளும்போது கிடைத்தது. பக்கத்து வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் வாசலில் நின்று சிரித்தாள்.

"றேமண்ட் அண்ணன், வீணா ஓடாதீங்க. மேசை விரிப்பில பாதிக்கே எனக்கு மருமகன் வந்துட்டார். நீங்க முழங்கை தாண்டமாட்டீங்க."

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அவர் சேர்ட் போட்டார்.

"எங்கயாம்?"

"புறக்கோட்டைக்கு. உனக்கு நூல் வாங்க."

"நூல் பந்து வரப்படாதெண்டீங்க?"

"சட்டத்தை மாத்தியாச்சு. அந்தக் கையை வை. என்ட தம்பி றொபேட்டுக்கு முட்டி நோவு, அவனுக்குப் புதுசா ஒண்டு தொடங்கு. பாவம் அவன்."

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மழை ஊற்றியது. நான் பின்னிக்கொண்டே இருந்தேன். பின்னேரம் சப்பாத்தில் தண்ணீரோடு வந்தார். கையில் பை நிறைய நூல். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"என்னங்க நடந்தது?"

"மழை."

"அது தெரியும்."

"கொச்சிக்கடைக் கோயிலுக்குள்ள ஒதுங்கினன். செவ்வாய்க்கிழமைப் பூசைக்கு வந்த சனம், அசைய ஏலாது. ஓரமா ஒரு வரிசை நிண்டிச்சு. நனையாத இடம் எண்டு நானும் நிண்டன். பின்னால நிண்ட மனிசி தள்ளிக்கொண்டே வந்தா. நிமிர்ந்து பார்க்கிறன், முன்னால பாவசங்கீர்த்தனம் கேக்கிற சுவாமி இருக்கிறார்."

"பிறகு?"

"பிறகென்ன, முழங்கால்ல நிண்டன். சுவாமி நல்ல பொறுமைசாலி. பின்னால நிண்ட சனந்தான் முணுமுணுத்துது."

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். நனைந்த தலையோடு கதிரையில் இருந்த மனிதர், கலியாணத்தன்று என் பக்கத்தில் நின்ற பெடியன் மாதிரியே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்வெட்டரைக் கையில் எடுத்தார்.

"சரி, என் பேரில பின்னினது. முடிச்சுத் தா, நானே போடுறன்."

அவர் நடந்ததைச் சொல்லி முடித்த உடனேயே நான் ஊசியை உருவி, நுனியில் முடிச்சும் போட்டிருந்தேன்.

"கேட்டது கிடைச்சிட்டுதேங்க" என்றேன்.

ஸ்வெட்டருக்கு இப்போது ஒன்றரைக் கை.