இரண்டு ஃபிளாஸ்க்கும் நீலாவின் ஞானஸ்நானமும்

ஒரு காரியத்துக்கு அளவுக்கு மீறித் தயாராகிறவர்கள்தான் அதைக் கச்சிதமாகக் கெடுப்பார்கள். இதை எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வங்காளத்துப் பெஹாலாவில் ஒரு சின்னத் தேவாலயத்தில், என் மகள் நீலாவின் ஞானஸ்நானத்தன்று, சபை முழுவதும் பார்த்திருக்க நானே நிரூபித்தேன்.

முதலில் குடும்ப நிலவரம். நான் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். விபூதி, வெள்ளிக்கிழமை விளக்கு எல்லாம் உண்டு. கணவர் சுபீர் வங்காளி, பல தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். பதிவுத் திருமணம் செய்துகொண்டதால் அப்போது யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நீலா பிறந்த பிறகுதான் ஞானஸ்நானப் பேச்சு வந்தது. சுபீர் ஆசைப்பட்டார். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. (மாமியார் கேட்கவே இல்லை. பேசாமல் வெள்ளை கவுன் ஒன்று தைக்க ஆரம்பித்துவிட்டார்.)

மிச்சம் இருந்தது அப்பாதான். அம்மா போன பிறகு சாந்த்ராகாச்சியிலேயே ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். ரயில்வே யார்டில் சர்வீஸ் முழுக்க வண்டிகளைப் பிரித்துக் கோத்தவர். நான் விஷயத்தைச் சொன்னபோது நீலா அவர் மடியில் இருந்தாள்.

"தண்ணி ஊத்திட்டா அவ அந்த வீட்டுப் பொண்ணு ஆயிடுவா. அப்புறம் நான் யாரும்மா அவளுக்கு?"

"தாத்தாதாம்ப்பா."

"ம்" என்றார். பிறகு, "நான் வரல. கூப்பிடாதே" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவரோ குழந்தையின் வாயோரத்துப் பாலைத் துண்டால் துடைத்தபடி சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். அவர் இல்லாமல் அந்த நாள் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மனசு சரியில்லை என்றால் நான் செய்வது ஒன்றுதான். தயாராவேன். பெற்றோருக்காகப் பாதிரியார் இரண்டு வகுப்பு எடுத்தார். நான் நோட்டுப் புத்தகத்துடன் போனேன். "சந்தேகம் ஏதாவது இருக்கிறதா?" என்று அவர் மரியாதைக்குக் கேட்டார். என்னிடம் பதினேழு இருந்தன. குழந்தையை எந்தக் கையில் பிடிப்பது, மெழுகுவத்தியை யார் வாங்குவது, அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தால் என்ன செய்வது. பத்தாவது கேள்வியில் அவர் இன்னொரு டீ சொன்னார். வீட்டில் ஒத்திகையும் நடந்தது. ஐந்து கிலோ ஆட்டா பொட்டலத்தைத் துண்டில் சுற்றி, சமையலறைத் தொட்டி மேல் சாய்த்துப் பிடித்து, சுபீரைக் குவளையால் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். பொட்டலத்தில் ஓட்டை இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் மூன்று வேளையும் ரொட்டி சாப்பிட்டோம்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வியைத்தான் கேட்கவில்லை. ஜனவரி மாதம். நீலாவுக்கு லேசாகச் சளி. மாமியார் அவளைக் குரங்குக் குல்லாவை விட்டு வெளியே எடுப்பதே கிடையாது. அந்தத் தலையில் ஊற்றப் போகிற தண்ணீர் சில்லென்று இருக்குமா என்று கேட்க வாய் வரவில்லை. புதிதாக வந்த மருமகள் கோயில் தண்ணீரிலேயே குறை கண்டுபிடிக்கிறாள் என்று நினைத்துவிட்டால்? போனில் அப்பாவிடம் மட்டும் புலம்பினேன். ஞானஸ்நானம் பற்றி எதைச் சொன்னாலும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தவர் அன்றுதான் வாய் திறந்தார்.

"பச்சைத் தண்ணியா? ஜனவரியிலயா? பச்சைக் குழந்தைக்கா?" என்றார். போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலய கேட்டில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக அப்பா நின்றார். கையில் துணிப் பை.

"நான் உள்ள வரல. இதக் குடுத்துட்டுப் போயிடறேன்." பையிலிருந்து ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் ஃபிளாஸ்க்குகள் வெளியே வந்தன. மூடிகளில் நூல் கட்டியிருந்தது. "பச்சை நூல் வெந்நீர். தொட்டியில கலந்துடு. சிவப்பு நூல் காபி, உனக்கு. பால் குடுக்கற பொண்ணு, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே. பச்சைன்னா போலாம். சிவப்பு தொட்டிப் பக்கமே போகக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுப்பா. உள்ள வாங்களேன்."

"பஸ் வந்துடும்" என்று திரும்பிக்கொண்டார்.

பக்கத்து அறையில் நுழைந்து இரண்டையும் திறந்தேன். வெந்நீர் சூடாக இருக்கிறதா என்று பார்த்தேன். காபியில் இரண்டு வாய் குடித்தேன். அப்பாவை வாசலோடு அனுப்பிவிட்டோமே என்று மீதிக் காபியைக் குடிக்காமல் வைத்தேன். அதே நேரம் மணி அடித்தது. அவசரமாக இரண்டு மூடிகளையும் மாற்றித் திருகிவிட்டேன். (வாழ்நாள் முழுக்க சிக்னலை நம்பிப் பிழைத்தவரின் மகள்.)

ஞானஸ்நானத் தொட்டி பளிங்கில் செய்தது, மேலே மரமூடி. அருகில் யாரும் இல்லை. மூடியை நகர்த்தி, யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்தபடி, பச்சை நூல் ஃபிளாஸ்க்கை ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தேன்.

முதலில் வாசனைதான் வந்தது. சிக்கரி கலந்த, முதல் டிகாக்‌ஷன் வாசனை. குனிந்து பார்த்தால் தொட்டி முழுக்க இளம்பழுப்பு.

அந்த நிமிஷமே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அறிவுள்ளவள் சொல்லியிருப்பாள். நான் மரமூடியை இழுத்து மூடிவிட்டு, முதல் வரிசையில் சுபீர் பக்கத்தில் உட்கார்ந்து, இயேசுவின் வீட்டிலேயே இருந்துகொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டேன். இருவருமே அப்போதைக்கு அசையவில்லை.

பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. தொட்டியருகே போய் நின்றோம். நீலாவின் குரங்குக் குல்லாவை மாமியார் அறுவை சிகிச்சை போலக் கழற்றினார். பாதிரியார் தொட்டியின் மூடியைத் திறந்தார்.

வாசனை மூன்றாவது வரிசை வரை போனது. "காபியா?" என்று மாமியார் உரக்கவே கேட்டார். பாதிரியார் தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பதினேழு கேள்விக்கும் பதில் எழுதி வைத்திருந்தேன். இதற்கு இல்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா! பஸ்ஸும் பிடிக்கவில்லை, ஒன்றும் பிடிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தான் போட்ட காபியின் வாசனை தனக்குத் தெரியாதா? உள்ளே வரமாட்டேன் என்றவர், இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, நடுவழியாக நேராக நடந்து வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"ஆமார் தோஷ்" என்றார், யார்டில் கற்ற வங்காளத்தில். குற்றம் என்னுடையது. "காபி என்னுது. குழந்தைக்குச் சளி. வெந்நீர்னு நெனச்சு ஊத்திட்டேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

எல்லாம் தெரிந்தவள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன்.

பாதிரியாரின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "ஜனவரியில் நாங்கள் எப்போதும் வெந்நீர் கலந்துதான் வைப்போம். காலையிலேயே கலந்துவிட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்றார், வங்காளத்தில். சபை மொத்தமும் சிரித்தது. நான் தரைக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன், மொசைக் போட்டிருந்தார்கள்.

"இனி வேறு தண்ணீர் வேண்டும்" என்று அவர் அப்பாவிடம் சொன்னார். "நீங்களே பிடித்து வருகிறீர்களா?"

அப்பா தடுமாறினார். "நானா? நான் உங்க ஆள் இல்லையே."

"குழந்தையின் தாத்தாதானே?"

அப்பா மஃப்ளரை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். தொட்டியைக் காலி செய்தார். வாசல் குழாயிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து, ஃபில்டரைத் தேய்ப்பது போல மூன்று தடவை தேய்த்துக் கழுவினார். நாலாவது வாளியை ஊற்றி, இந்த முறை தானே முகர்ந்து பார்த்து, சிவப்பு நூல் ஃபிளாஸ்க்கிலிருந்த வெந்நீரைக் கலந்தார். கடைசியில் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தார். என்னைக் குளிப்பாட்டும்போதும் அவர் அப்படித்தான் பார்ப்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"இப்ப சரியா இருக்கு" என்று பாதிரியாருக்கு அனுமதி கொடுத்தார்.

தண்ணீர் தலையில் விழுந்தபோது நீலா அழவில்லை. காலி வாளியுடன் பக்கத்திலேயே நின்ற தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். நான்தான் விக்கி விக்கி அழுதேன். பக்தி என்று சபையில் பேசிக்கொண்டார்களாம்.

நீலாவுக்கு இப்போது ஐந்து வயது. தேவாலயத்துக்குள் நான் ஃபிளாஸ்க் எடுத்துப் போக மாமியார் இன்றுவரை அனுமதிப்பதில்லை. பாதிரியார் என்னைக் கண்டால் முதலில் கையைத்தான் பார்க்கிறார். கிறிஸ்துமஸ் விருந்தில் யாராவது கதையை ஆரம்பித்தால் சுபீர் ஆட்டா பொட்டலத்தையும் சேர்த்துச் சொல்லாமல் விடுவதில்லை.

மாட்டிவிட எனக்கும் ஒரு ஆள் உண்டு. "தண்ணி ஊத்திட்டா அவ அந்த வீட்டுப் பொண்ணுன்னு சொன்னீங்களேப்பா?" என்று அப்பாவை வம்புக்கு இழுப்பேன்.

அவர் நீலாவின் தலையைத் தடவிக்கொண்டே சொல்வார்: "அந்தத் தண்ணியப் புடிச்சதே நான்தானே."